திங்கட்கிழமை யார் பெருக்கினார்கள்? ‘கேட்ஸ்பி’ நாவலில் பணமும் அந்தஸ்தும்

அமெரிக்க எழுத்தாளர் எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ 1925 ஏப்ரல் 10 அன்று வெளியானது. 2025-இல் அதற்கு நூறு வயது நிறைந்தபோது, ஆங்கில இலக்கியம் பக்கமே போகாதவர்கள் காதிலும் அந்தப் பெயர் விழுந்தது. கூடவே ஒரு குழப்பமும் வந்தது. பணம் மனிதர்களைக் கெடுத்த கதை என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். வெளியே பார்த்தால் அதே பெயரில், தங்கக் கலர் அலங்காரத்தோடு ஆடம்பர விருந்து நடக்கிறது. நாவலுக்குள் போனால் இன்னும் சிக்கல். கேட்ஸ்பி கள்ளச் சாராயத்தில் சம்பாதித்தவர். ஆனால் கதை சொல்பவரோ, மற்ற எல்லோரையும் சேர்த்து வைத்தாலும் கேட்ஸ்பிக்கு ஈடாகாது என்கிறார். அப்படியானால் இதில் கெட்டுப்போனது யார்?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இருந்து படிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி அந்நியமானதல்ல. கவலை ஓட்டிய, அதாவது மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த குடும்பம் ஒரே தலைமுறையில் ஏற்றுமதி செய்யத் தொடங்கிய ஊர்கள் இவை. பணம் வேகமாக வந்தால் மரியாதை எவ்வளவு வேகமாக வரும், வந்த பணத்தின் கழிவு எங்கே போய்ச் சேரும் என்பதெல்லாம் இங்கே கண்ணால் பார்த்த விஷயங்கள். அந்த அனுபவத்தை வைத்தே நாவலைப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் கதை

1922-ஆம் ஆண்டுக் கோடை. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் ஒரு சின்ன விரிகுடா, அதன் இரு கரைகளில் இரண்டு குடியிருப்புகள். ஈஸ்ட் எக், வெஸ்ட் எக் என்ற பெயர்கள் ஆசிரியரின் கற்பனை. கிழக்கே தலைமுறை தலைமுறையாகப் பணம் உள்ளவர்கள், மேற்கே இப்போதுதான் சம்பாதித்தவர்கள். கதை சொல்லும் நிக் காரவே மேற்குக் கரையில் மாதம் 80 டாலர் வாடகையில் ஒரு சிறிய வீட்டில் இருக்கிறார். பக்கத்து மாளிகை ஜே கேட்ஸ்பியுடையது. எதிர்க்கரையில் நிக்கின் உறவுக்காரப் பெண் டெய்ஸியும் அவள் கணவன் டாம் புக்கனனும்.

1917-இல் ராணுவத்தில் இருந்த கேட்ஸ்பியும் டெய்ஸியும் காதலித்தார்கள். கேட்ஸ்பி கையில் காசில்லை. 1919 ஜூனில் அவள் டாமைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முதல் நாள் டாம் கொடுத்த முத்துமாலையின் மதிப்பு 3,50,000 டாலர். நிக் கொடுக்கும் வாடகையை வைத்துக் கணக்குப் போட்டால், அந்த ஒரு மாலையின் பணத்தில் 364 ஆண்டு குடியிருக்கலாம். டெய்ஸியைத் திரும்ப அடையத்தான் கேட்ஸ்பி சம்பாதிக்கிறார். அவள் வீட்டுக்கு நேர் எதிரே மாளிகை வாங்குகிறார். என்றாவது அவள் வந்து நிற்பாள் என்று ஊரையே கூட்டி விருந்து வைக்கிறார்.

வசதி வேறு, அந்தஸ்து வேறு

இந்த நாவலைப் புரிந்துகொள்ள மூன்று சொற்கள் போதும். மூன்றும் நம் பேச்சிலேயே இருக்கின்றன.

1. வசதி: கையில் இருக்கும் பணம். எண்ணிப் பார்க்கலாம், கடன் வாங்கியும் காட்டலாம்.
2. அந்தஸ்து: மற்றவர்கள் கொடுத்தால்தான் உண்டு. யாரைத் திண்ணையோடு அனுப்புகிறார்கள், யாரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள், யார் வீட்டில் பெண் எடுக்கிறார்கள் என்பதில் தெரியும்.
3. பூர்வீகம்: ‘இந்தப் பணம் எப்படி வந்தது’ என்று யாரும் கேட்காத அளவுக்குப் பழையதாகிவிட்ட செல்வம்.

டாமிடம் மூன்றும் இருக்கின்றன. கேட்ஸ்பியிடம் முதலாவது மட்டும்தான்.

கொங்கு நாட்டிலும் இப்படி அடுக்குகள் உண்டு. பழையகோட்டைப் பட்டக்காரர் போன்ற பழைய நிலக்குடும்பங்கள் ஓர் அடுக்கு. 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகு பெருகிய கோவை மில் குடும்பங்கள் இன்னோர் அடுக்கு. அதற்கும் பிறகு, திருப்பூரில் தையல் மெஷினிலும் கட்டிங் டேபிளிலும் நின்று மேலே வந்த பனியன் கம்பெனிக்காரர்கள். ஆனால் நிலம் வைத்திருப்பவரைப் பண்ணையாட்கள் ‘பண்ணாடி’ என்று அழைத்த மண் இது. பண்ணையாளின் பேரன் இன்றைக்குக் காரில் வந்து இறங்கினாலும் அந்தச் சொல் அவனுக்கு இடம் மாறிவிடாது. இங்கே அந்தஸ்து சாதியோடு பின்னிக் கிடக்கிறது, அமெரிக்காவில் நிறத்தோடு. முதல் அத்தியாயத்திலேயே டாம் ஒரு புத்தகத்தைக் காட்டி, வெள்ளையினம் கவனமாக இல்லாவிட்டால் மற்றவர்கள் மேலே வந்துவிடுவார்கள் என்று பதறுகிறான். இருப்பதை இழந்துவிடுவோமோ என்ற பயத்துக்கு அறிவியல் சாயம் பூசிப் பேசுகிற பேச்சு அது. அதைத் தாண்டிப் படித்துப் போய்விடக் கூடாது. கேட்ஸ்பியை அவன் வெறுக்கப்போவதும் இதே பயத்தால்தான்.

இரண்டு கரைக்கும் உள்ள தூரத்தை ஆறாவது அத்தியாயத்தில் ஒரு சின்னக் காட்சி அளந்து காட்டுகிறது. டாமும் ஸ்லோன் என்பவரும் ஒரு பெண்ணும் குதிரையில் போகும் வழியில் கேட்ஸ்பி வீட்டில் நிற்கிறார்கள். கொஞ்சம் குடித்திருந்த அந்தப் பெண், ‘சாப்பிட எங்க வீட்டுக்கு வாங்க’ என்கிறாள். கேட்ஸ்பி சந்தோஷமாக ஒத்துக்கொண்டு உள்ளே போகிறார். அவர் தொப்பியும் மேல்கோட்டுமாக வாசலுக்கு வருவதற்குள் மூவரும் குதிரையைத் தட்டிவிட்டு மரங்களுக்குள் மறைந்துவிடுகிறார்கள். நம் ஊரிலும் ‘ஏனுங்க, சாப்பிட்டுப் போங்க’ என்று எல்லோரும் சொல்வார்கள். எந்தச் ‘சாப்பிட்டுப் போங்க’வுக்குப் பின்னால் இலை விழும், எது வெறும் வாய்மரியாதை என்பது சொல்பவரின் குரலிலேயே உள்ளூர்க்காரருக்குத் தெரிந்துவிடும். கேட்ஸ்பிக்கு அது பிடிபடவில்லை. காசு கொடுத்து வாங்க முடியாத பொருள் அதுதான். படிக்கும்போது எனக்கு மிகவும் வலித்த இடமும் அதுதான்.

பணம் வந்த வழி

அமெரிக்காவில் 1920 ஜனவரி முதல் 1933 டிசம்பர் வரை நாடு முழுக்க மதுவிலக்கு. இந்தப் பின்னணி தெரியாவிட்டால் கேட்ஸ்பியின் செல்வம் மாயமாகத் தோன்றும். அவரும் கூட்டாளி மெயர் வுல்ஃப்ஷைமும் சந்துகளில் இருந்த மருந்துக் கடைகளை வாங்கி, கவுண்டரில் வைத்தே சாராயம் விற்றார்கள். திருட்டுக் கடன்பத்திரங்களும் கைமாறின. மாளிகை வாங்குகிற அளவு பணம் சேர்க்க மூன்றே ஆண்டு ஆனது என்று கேட்ஸ்பியே ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிடுகிறார்.

மதுவிலக்கு நம் பக்கத்துக்கும் பழக்கமான விஷயம்தான். 1937 அக்டோபர் 1-இல் ராஜாஜி அமைச்சரவை அதை முதலில் நடைமுறைப்படுத்தியது சேலம் மாவட்டத்தில். இன்றைய நாமக்கல்லும் திருச்செங்கோடும் அன்று அந்த மாவட்டத்தில் இருந்தன. அதற்கு முன்பே, இந்த நாவல் வெளியான அதே 1925-இல், திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி, கதர், தீண்டாமை ஒழிப்பு, குடி ஒழிப்பு என்று ராஜாஜி வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே பேச்சு கூலிக்காரர் வீட்டு அடுப்பைப் பற்றியது. நாவலில் சட்டம் பணக்காரரின் மேஜையைத் தொடுவதே இல்லை.

இதற்குச் சாட்சி பிளாசா ஹோட்டல் காட்சி. வெக்கை தாங்காமல் எல்லோரும் அறை எடுத்து உட்கார்ந்திருக்கும்போது, ‘இவன் சாராயம் விற்றவன்’ என்று டெய்ஸி முன்னால் டாம் போட்டு உடைக்கிறான். அப்போது அதே அறையில் ஒரு விஸ்கி பாட்டில் இருக்கிறது. வீட்டிலிருந்து துண்டில் சுற்றி எடுத்து வந்தது. கொண்டு வந்தவன் டாம். விற்றவன் குற்றவாளி, வாங்கிக் குடித்தவன் கனவான்.

கேட்ஸ்பி உழைக்காதவர் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. வடக்கு டகோட்டாவில் ஏழைப் பண்ணைக் குடும்பத்தில் ஜேம்ஸ் காட்ஸ் என்ற பெயரில் பிறந்தவர். அவர் இறந்த பிறகு தந்தை ஒரு பழைய கதைப் புத்தகத்தைக் கொண்டு வந்து காட்டுகிறார். அதன் கடைசித் தாளில் 1906 செப்டம்பர் 12 தேதியிட்டு, சிறுவனாக இருந்தபோது எழுதிய அட்டவணை. காலை 6 மணிக்கு எழ வேண்டும். மின்சாரம் பற்றிப் படிக்க வேண்டும். வாரம் 5 டாலர் சேமிக்க வேண்டும் என்று எழுதி, அடித்துவிட்டு, 3 டாலர் என்று திருத்தியிருக்கிறான். கடைசி வரி: அப்பா அம்மாவிடம் இன்னும் நன்றாக நடந்துகொள்ள வேண்டும். அந்த அடித்தல் திருத்தலை நான் தாண்டிப் போக முடிந்ததே இல்லை. ஊரை விட்டு வந்து திருப்பூரில் லைன் வீட்டில் தங்கி வேலை பார்க்கும் ஒரு பையனின் சுவரில் ஒட்டியிருந்தாலும் வித்தியாசம் தெரியாத பட்டியல் அது. இவ்வளவு உழைக்கத் தயாரான பையனுக்கு நேர்வழியில் டெய்ஸியின் வாசல் வரை போகப் பாதை இல்லை என்பதில்தான் சமூகத்தின் அழுகல் தொடங்குகிறது. குறுக்கு வழியில் போனது அவருடைய தவறு. அதை நாவல் மறைக்கவில்லை, நாமும் மறைக்க வேண்டியதில்லை.

ஐந்து பெட்டி ஆரஞ்சு

விருந்துகளைப் பற்றிய அத்தியாயத்தில் இசை, நடனம், பெண்களின் உடை என்று எல்லாம் வருகிறது. சினிமா எடுத்தவர்கள் பார்த்தது அதைத்தான். ஆனால் ஆசிரியர் அங்கேயே ஒரு கணக்கையும் எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஐந்து பெட்டி ஆரஞ்சும் எலுமிச்சையும் நியூயார்க்கிலிருந்து வந்து இறங்கும். திங்கட்கிழமை அதே பழங்கள் சாறு போன வெறும் மூடிகளாகப் பின்வாசல் வழியே குவியலாகப் போகும். சமையலறையில் ஒரு மெஷின் உண்டு. அரை மணி நேரத்தில் 200 பழம் பிழியும். அதற்கு ஒரு பட்டனை 200 தடவை அழுத்த வேண்டும். அழுத்துவது ஒரு பணியாளரின் கட்டைவிரல்.

அந்தக் கட்டைவிரலுக்குப் பெயர் இல்லை, முகம் இல்லை. அதே திங்கட்கிழமை எட்டு வேலைக்காரர்கள் துடைப்பம், சுத்தியல், தோட்டக் கத்தரியோடு முந்தைய நாள் நாசமானதை நாளெல்லாம் சரிசெய்வார்கள். ஞாயிற்றுக்கிழமை வரை மட்டும் பார்ப்பவருக்கு இது கொண்டாட்டக் கதை. திங்கட்கிழமையும் இருந்து பார்ப்பவருக்குக் கதை வேறு. வகுப்பறைக்கும் விருந்து அழைப்பிதழுக்கும் நடுவில் உள்ள குழப்பத்துக்குப் பாதி விடை இங்கே கிடைத்துவிடுகிறது.

சாம்பல் மேடும் நொய்யலும்

மாளிகைகளுக்கும் நகரத்துக்கும் நடுவே ஓர் இடம் வருகிறது. நாவலில் அதன் பெயர் சாம்பல் பள்ளத்தாக்கு. எங்கு பார்த்தாலும் சாம்பல். அதை அள்ளிப் போடும் மனிதர்களும் சாம்பல் நிறம். மேலே, கைவிடப்பட்ட ஒரு கண் மருத்துவரின் விளம்பரப் பலகையில் இரண்டு பெரிய நீலக் கண்கள். இது முழுக் கற்பனை இல்லை. புரூக்ளின் பகுதியில் எரித்த நிலக்கரியின் சாம்பலைக் கொண்டுபோய்க் கொட்டிய கொரோனா குப்பைமேடு குவீன்ஸ் பகுதியில் உண்மையாகவே இருந்தது. பிறகு அதைச் சமன்செய்து அந்த இடத்தில்தான் 1939 உலகக் கண்காட்சியை நடத்தினார்கள்.

ஏன் ஆசிரியர் கதையின் நடுவில் குப்பைமேட்டை வைக்கிறார்? நொய்யலை அறிந்தவர்களுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகப் போய்க் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிற ஆறு. பனியன் தொழில் பெருகியபோது சாயப்பட்டறைக் கழிவு அதில் இறங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. அணையைச் சுற்றியும் கீழேயும் கிணறுகள் உப்பாயின, விவசாயம் அழிந்தது. வேறு இடமாக இருந்தால் அணையைத் திறக்கச் சொல்லித்தான் விவசாயிகள் போராடுவார்கள். இங்கே, அந்தத் தண்ணீரை எங்கள் பக்கம் விடாதே என்று கேட்கும் நிலை வந்தது. விவசாயிகள் வழக்கு நடத்தி, கடைசியில் 2011 ஜனவரியில், கழிவை முழுமையாகச் சுத்திகரிக்காத பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

திருப்பூர் பல லட்சம் பேருக்குச் சோறு போடுகிற ஊர். பெரும் செலவு செய்து சுத்திகரிப்பு நிலையம் கட்டியவர்களும் அங்கே இருக்கிறார்கள். ஒரு ஊரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. செல்வம் ஓர் இடத்தில் ஏறும்போது அதன் கழிவு இன்னோர் இடத்தில் இறங்கும், இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம் என்பது இங்கே தண்ணீரில் தெரிந்தது. ஃபிட்ஸ்ஜெரால்ட் அதைச் சாம்பலில் காட்டினார்.

அந்தச் சாம்பலுக்கு நடுவே கார் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் ஜார்ஜ் வில்சன். அவர் மனைவி மர்ட்டில், டாமின் ரகசியக் காதலி. கல்யாணத்துக்கு வில்சன் போட்டு வந்த கோட்டு இரவல் என்று தெரிந்த நாளில் மனம் விட்டுப்போனதாக அவள் சொல்கிறாள். டாம் அவளுக்கு 10 டாலரில் ஒரு நாய்க்குட்டி வாங்கித் தருகிறான். டெய்ஸியின் பெயரை அவள் உரக்கச் சொன்னதும் ஓங்கி அறைந்து மூக்கை உடைக்கிறான். முத்துமாலை யாருக்கு, நாய்க்குட்டி யாருக்கு என்பதில் அவனுக்குக் குழப்பமே இல்லை.

சீரழிவு எப்படி நடக்கிறது

நாவலின் முடிவைப் படிப்படியாக எழுதிப் பார்த்தால் பொறுப்பு எப்படிக் கைமாறுகிறது என்பது தெரியும்.

1. கேட்ஸ்பியின் மஞ்சள் காரை டெய்ஸி ஓட்டி வருகிறாள். சாலையில் ஓடி வந்த மர்ட்டில் மீது கார் மோதி அவள் இறக்கிறாள். கார் நிற்கவில்லை.
2. ஓட்டியது நானே என்று சொல்லிக்கொள்ள கேட்ஸ்பி முடிவு செய்கிறார். டெய்ஸி அதைத் தடுக்கவில்லை.
3. துப்பாக்கியோடு வந்த வில்சனிடம், கார் யாருடையது என்று டாம் சொல்லி அனுப்புகிறான். மர்ட்டிலோடு பழகியது தான்தான் என்பதைச் சொல்லவில்லை.
4. வில்சன் கேட்ஸ்பியைச் சுட்டுக் கொன்று, தன்னையும் சுட்டுக்கொள்கிறார்.
5. டாமும் டெய்ஸியும் பெட்டி கட்டிக்கொண்டு, விலாசம் கூடச் சொல்லாமல் ஊரை விட்டுப் போகிறார்கள்.

மூன்று சாவு. மூவருமே பூர்வீகப் பணம் இல்லாதவர்கள். உடைத்தவர்கள் தங்கள் பணத்துக்குள் திரும்பிப் போய் ஒளிந்துகொண்டார்கள், அள்ளுகிற வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டார்கள் என்ற பொருளில் நிக் சொல்வது இந்தத் தம்பதியைத்தான். ஆக, நாவலின் கணக்கில் சீரழிவு என்பது குடியோ, கூத்தோ, பணத்தாசையோ அல்ல. நான் செய்ததற்கான விலையை இன்னொருவன் கொடுக்கட்டும் என்று விட்டுப்போக முடிகிற வசதி. கேட்ஸ்பி சட்டத்தை மீறியவர், பொய் சொன்னவர். ஆனால் கடைசியில், தான் செய்யாத ஒன்றின் கணக்கையும் தன் பெயரில் எழுதிக்கொண்டவர். நிக் அவரை உயர்த்திப் பிடிப்பதற்குக் காரணம் இது.

கொங்கு மண்ணின் நாவலோடு ஒப்பிட்டால் இன்னொன்றும் புலப்படும். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942-இல் வந்தது. கணவனை இழந்த நாகம்மாள் கொழுந்தன் சின்னப்பனிடம் நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். ஊர்க்காரர்கள் தூண்டிவிட, விஷயம் கொலையில் முடிகிறது. அங்கேயும் சொத்துதான் மனிதர்களைக் கலைக்கிறது. ஆனால் அந்தச் சொத்து நிலம். அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு யாரும் ரயிலேற முடியாது. டாமின் பணத்துக்குக் கால் இருக்கிறது. செய்த ஊரிலேயே இருந்து தினமும் முகத்தில் முழிக்க வேண்டிய கட்டாயம் இல்லாதபோது கூச்சமும் போய்விடுகிறது.

நிக்கையும் நாவல் சும்மா விடவில்லை. தன் குடும்ப வரலாற்றைப் பெருமையாகத் தொடங்கும்போது அவர் போகிற போக்கில் ஒன்றைச் சொல்கிறார். தாத்தாவின் சகோதரர் 1851-இல் ஊருக்கு வந்து இரும்புச் சாமான் மொத்த வியாபாரத்தைத் தொடங்கினார். உள்நாட்டுப் போர் வந்தபோது தனக்குப் பதிலாக வேறொருவரைப் போருக்கு அனுப்பினார். அன்றைய சட்டம் அதை அனுமதித்தது. அனுப்பப்பட்டவர் திரும்பி வந்தாரா என்பதைப் பற்றி நிக் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கடை மட்டும் நிலைத்தது. நியாயவான் என்று நாம் நம்பும் ஆளின் சோற்றிலும் இன்னொருவர் கொடுத்த விலை கலந்திருக்கிறது.

கெட்டதுக்கு வந்தவர்கள்

நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். எழவு வீட்டுக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதை வருஷக்கணக்கில் ஞாபகம் வைத்திருப்பார்கள். கேட்ஸ்பியின் விருந்துக்கு நூற்றுக்கணக்கில் வந்தார்கள். சாவுக்கு வரச்சொல்லி நிக் ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார். வாரக்கணக்கில் அந்த வீட்டிலேயே தங்கியிருந்த ஒருவர் போன் செய்கிறார், தான் விட்டுவிட்டுப் போன டென்னிஸ் ஷூவை அனுப்பி வைக்கச் சொல்ல. வுல்ஃப்ஷைம் வரவில்லை. டெய்ஸியிடமிருந்து ஒரு பூ கூட வரவில்லை. மழையில் இடுகாட்டுக்கு வந்தவர்கள்: நிக், கேட்ஸ்பியின் வயதான தந்தை, நாலைந்து வேலைக்காரர்கள், வெஸ்ட் எக் தபால்காரர், பாதிரியார். பிறகு விருந்து ஒன்றில் கேட்ஸ்பியின் நூலகத்தைப் பார்த்து, புத்தகங்கள் வெறும் அட்டை இல்லை, நிஜம்தான் என்று வியந்த கண்ணாடிக்காரர்.

ஊரை விட்டுக் கிளம்பும் கடைசி இரவு நிக் அந்தக் காலி மாளிகைக்குப் போகிறார். வெள்ளைப் படிக்கட்டில் யாரோ ஒரு பையன் செங்கல் துண்டால் கெட்ட வார்த்தை எழுதிவிட்டுப் போயிருக்கிறான். நிலா வெளிச்சத்தில் அது தெளிவாகத் தெரிகிறது. நிக் தன் ஷூவைக் கல்லில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து அதை அழிக்கிறார்.